அமேசான் ஸ்வார்ட்: புது இலை மஞ்சள், பழைய இலையில் ஓட்டை, பிடுங்கிவிடவா?

புதுத்தொட்டி:

வணக்கம். சுருக்கமாக எழுதினால் எல்லோரும் முதலில் தொட்டி அளவைத்தான் கேட்பீர்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறேன்.

இரண்டடி மீன்தொட்டி, தண்ணீர் சுமார் 60 லிட்டர் பிடிக்கும். அடியில் கழுவிப் போட்ட சாதாரணச் சரளை, 3 சென்டிமீட்டர் உயரம். மீன்களில் நியான் டெட்ரா எட்டு, கோரிடோரஸ் நான்கு. ஸ்பாஞ்ச் ஃபில்டர். எல்இடி விளக்கு தினமும் 10 மணி நேரம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். பிஎச் 7.8, நைட்ரேட் 5 பிபிஎம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பிரச்சினை செடிதான். நடுவில் ஒரு அமேசான் ஸ்வார்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. வாங்கி வந்தபோது பத்துப் பன்னிரண்டு இலையோடு கொழுகொழுவென்று இருந்தது. இரண்டாவது வாரத்தில் வெளி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் கரைந்துபோயின. வெட்டி எறிந்தேன். மிச்சம் இருக்கிற பழைய இலைகளில் முதலில் ஊசியால் குத்தியது போலச் சின்ன ஓட்டை, அப்புறம் ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம். சரி, புது இலையாவது ஒழுங்காக வரும் என்று பார்த்தால், அது சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை, வெளிறிப்போய் நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. எல்லா இலை மேலும் பழுப்பாகத் தூசி மாதிரி ஒன்று படிகிறது, துடைத்தால் போகிறது, நான்கு நாளில் திரும்ப வருகிறது. ஒரு இலையின் ஓரத்தில் கறுப்பாக மயிர்க்கொத்து வேறு.

வாரத்துக்கு ஒரு மூடி திரவ உரம் ஊற்றுகிறேன். செடி விற்றவர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்காமல் எதுவும் நடக்காது என்கிறார். இந்த ஒரு செடிக்காகச் சிலிண்டரா?

இன்னொன்று. மரக்கட்டையில் கட்டிவைத்த ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கறுப்புப் புள்ளிகள். அதற்கும் நோய் தொற்றிவிட்டதா, அந்த இலைகளை வெட்டிவிடவா?

சரளைக்கல்:

பிடுங்காதீர்கள். சிலிண்டரும் வேண்டாம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நோயாகப் பார்ப்பதால்தான் பயமாக இருக்கிறது. உங்கள் தொட்டியில் நடப்பது ஒரு நோயே இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக வந்த நாலைந்து சங்கதிகள்.

வெளி இலை கரைந்தது இயல்பான விஷயம். விற்பனைக்கு வரும் ஸ்வார்ட் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள் வளர்ந்தவையே அல்ல. வேர் மட்டும் ஈரத்தில் இருக்கும், இலை முழுவதும் காற்றில் இருக்கும், அப்படித்தான் பண்ணையில் வளர்க்கிறார்கள், சீக்கிரம் வளரும், பாசியும் பிடிக்காது. அந்த இலைகள் காற்றுக்காகச் செய்யப்பட்டவை. நீளமான விறைப்பான காம்பு, நுனியில் குட்டையாக அகன்ற இலை, மேலே மெழுகு பூசிய மாதிரித் தோல். அதைத் தண்ணீரில் மூழ்கவைத்தால் செடி அதில் உள்ளதை உறிஞ்சிக்கொண்டு உதிர்த்துவிடும், அப்புறம் தண்ணீருக்கென்றே மெல்லிசாக, நீளமாக, காம்பு குட்டையாக வேறு இலை போடும். உங்களிடம் இப்போது வருகிற புது இலை இந்த ரகம்தான். ஆக, செடிக்கு உயிர் இருக்கிறது, மாறவும் ஆரம்பித்துவிட்டது, கையில் சாப்பாடுதான் இல்லை.

அது எப்படித் தெரியும் என்றால், கெடுவது பழைய இலையா புது இலையா என்று பார்க்க வேண்டும். செடி வளர்ப்பில் எனக்கு மிக உதவிய ஒரே பாடம் இது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும், அதனால் முதலில் அடிவாங்குவது பழைய இலை. இரும்புச்சத்து அப்படி நகராது, ஒரு இலைக்குள் போனால் போனதுதான், அதனால் இரும்பு குறைந்தால் பழைய இலை பச்சையாகவே நிற்கும், குருத்து வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும்.

உங்களிடம் இரண்டும் இருக்கிறது. பழைய இலையில் ஊசித்துளையும் மஞ்சள் வளையமும் என்றால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம் போதவில்லை. வெளிறிய குருத்து என்றால் இரும்பு. எட்டு டெட்ராவும் நான்கு கோரிடோரஸும் போடுகிற கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஓரளவு கிடைத்துவிடும், ஆனால் இந்த இரண்டும் மீனிடமிருந்து போதுமான அளவு வராது.

நீங்கள் ஊற்றும் உரத்தின் டப்பாவைத் திருப்பி இரும்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடிடிஏ, டிடிபிஏ என்பவை இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் பொருள்கள். இடிடிஏ என்று போட்டிருந்தால் உங்கள் 7.8 பிஎச் தண்ணீரில் அது நிலைக்காது, பிரிந்து செடிக்கு எட்டாமல் போய்விடும். டிடிபிஏ என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், 7.5 வரை பரவாயில்லை.

நீலக்குமிழி:

10 மணி நேரம் விளக்கு ரொம்ப அதிகம். 6 மணி நேரமாகக் குறையுங்கள், ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள், கையால் போட்டு அணைத்தால் ஒரு நாள் 6 ஒரு நாள் 12 என்று ஆகிவிடும். பழுப்புத் தூசி டயாட்டம் என்கிற ஒருவகை நுண்பாசி, புதுத் தொட்டியில் எல்லோருக்கும் வரும், ஓரிரு மாதத்தில் தானாகப் போகும். நெரைட் நத்தை இரண்டு விட்டால் இன்னும் சீக்கிரம் போகும். விளக்கைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும் என்பது என் கணிப்பு.

வேர்க்கட்டு:

குமிழி சொன்ன டைமர் சரி, 6 மணி நேரமும் சரி, "பாதி சரியாகிவிடும்" என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விளக்கைக் குறைத்தால் செடியின் பசி குறையும், பாசியும் குறையும், அவ்வளவுதான், இல்லாத இரும்பு எங்கிருந்து வரும்? நானும் ஒரு காலத்தில் விளக்கைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் மங்கலான தொட்டியில் மஞ்சள் செடி என்ற நிலைக்கு வந்தவன்தான்.

சரளைக்கல் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. அமேசான் ஸ்வார்ட் முக்கியமாக வேரால் சாப்பிடுகிற செடி. நன்றாக வளர்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரியும், மேலே தெரிகிற செடியைவிட வேர் பெரிசாக இருக்கும், தொட்டியின் பாதித் தரையைப் பின்னிக்கொண்டு போயிருக்கும். உங்கள் அடித்தளமோ கழுவிய சரளை, அதில் சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் தண்ணீரில் ஊற்றுகிறீர்கள், செடி கீழே தேடுகிறது.

ரூட் டேப் வாங்குங்கள், வேருக்குப் பக்கத்தில் புதைக்கிற உர மாத்திரை. இரும்பும் பொட்டாசியமும் இருக்கிற வகை. குருத்திலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளி, செடியைச் சுற்றி மூன்று இடத்தில், நீளமான இடுக்கியால் பிடித்துத் தொட்டியின் அடிக் கண்ணாடியில் முட்டும் வரை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டு, இடுக்கியை விரித்து மெதுவாக உருவ வேண்டும். அவசரமாக இழுத்தால் மாத்திரையும் கூடவே வந்து மேலே மிதக்கும், கரைந்தால் தண்ணீர் கலங்கும், அம்மோனியம் கலந்த வகை என்றால் மீனுக்கும் ஆபத்து. அப்படி ஆகிவிட்டால் வெளியே எடுத்துவிட்டு அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வைக்க வேண்டும்.

உங்கள் சரளை 3 சென்டிமீட்டர்தான் என்பது இடிக்கிறது. ஸ்வார்ட் நிற்கிற இடத்திலாவது ஆறு ஏழு சென்டிமீட்டருக்குக் குவித்துவிடுங்கள். ஆனால் குவிக்கும்போது குருத்து மூடிப்போகக் கூடாது. அதைக் கேட்க மறந்துவிட்டேன், இப்போது எந்த அளவுக்குப் புதைத்து வைத்திருக்கிறீர்கள்? இலைக்காம்பெல்லாம் ஒன்றுசேர்கிற கழுத்து வெளியே தெரிகிறதா? அந்த இடத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

சரளைக்கல்:

ஆமாம், அடித்தளத்தைக் கேட்காமல் விட்டது என் தவறு. வேர்க்கட்டு சொன்னபடியே செய்யுங்கள்.

ஜாவா ஃபெர்ன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இலையின் அடிப்பக்கம் மட்டும், வரிசையாக, தடவினால் மணல் மாதிரி மேடாக இருக்கிறதா? அப்படியென்றால் அது நோய் இல்லை, வித்துப்பை. பெரணி இனத்துச் செடிகள் பெரும்பாலும் இலைக்கு அடியில் இப்படித்தான் வைக்கும். ஒரு பைசா கவலை வேண்டாம். மேடு இல்லாமல், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரிக் கறுப்புத் திட்டாகப் பரவி, நடுவில் இலை கண்ணாடியாகி வந்தால் மட்டும் யோசியுங்கள், அதுவும் பெரும்பாலும் பொட்டாசியம் கதைதான். அதன் கிடைத்தண்டைச் சரளையில் புதைக்கவில்லைதானே? கட்டையில்தான் கட்டியிருப்பதாகச் சொன்னீர்கள், அதனால் பிரச்சினை இருக்காது. புதைத்தால் அழுகும், அனூபியாஸ் என்கிற தொட்டிச்செடியும் அதே ரகம்.

புதுத்தொட்டி:

எல்லோருக்கும் நன்றி. வேர்க்கட்டு அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது போல.

நேற்று இரவு விரலால் சரளையை ஒதுக்கிப் பார்த்தேன். கழுத்து வெளியே இல்லை, சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே இருந்தது. மிதந்து வந்துவிடக் கூடாது என்று நட்ட அன்றைக்கு நன்றாக அழுத்திப் புதைத்தேன், அது ஞாபகம் இருக்கிறது. ஒதுக்க ஒதுக்கக் கழுத்தைச் சுற்றி இரண்டு காம்புகள் சளி மாதிரி வழுக்கிக்கொண்டு கையோடு வந்தன. கையை வெளியே எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். பயந்துபோய், பிடுங்காதீர்கள் என்று நீங்கள் சொல்லியும் முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டேன், மன்னிக்கவும். இப்போது ஒரு வாளித் தொட்டித்தண்ணீரில் கிடக்கிறது.

வேருக்கு நடுவில் மஞ்சளாகப் பஞ்சு மாதிரி ஒரு கட்டி இருக்கிறது. அது மண்ணா? வேர்கள் சில வெள்ளையாக உறுதியாக இருக்கின்றன, சில பழுப்பாக இருக்கின்றன, அந்தப் பஞ்சுக்குள் போகிற வேர்கள் கறுப்பாக, பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உருவி வந்து உள்ளே நூல் மாதிரி மிஞ்சுகிறது.

உரத்தில் இடிடிஏ இரும்புதான் இருக்கிறது. ஃபெர்ன் புள்ளி மேடாகத்தான் இருக்கிறது, வரிசையாகவும் இருக்கிறது. ஒரு நிம்மதி.

வேர்க்கட்டு:

எடுத்தது நல்லதாகப் போயிற்று தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் நாங்களே எடுக்கச் சொல்லியிருப்போம்.

அந்தப் பஞ்சு கல்நார் மாதிரி ஒரு செயற்கைப் பொருள், ராக்வுல் என்பார்கள். பண்ணையில் சின்னத் தொட்டியில் அதில்தான் செடியை நிறுத்துவார்கள். நடுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், விற்கிற யாரும் இதைச் சொல்வதில்லை. அதை வேரோடு சேர்த்துச் சரளைக்குள் அழுத்திவிட்டால் நடுவே காற்றும் தண்ணீரும் ஓடாமல் வேர் அழுக ஆரம்பிக்கும். முட்டை நாற்றம் என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வருவது. சாப்பாடு போடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம், உங்கள் செடிக்கு வாயே பாதி அழுகிக் கிடந்திருக்கிறது.

வாளியிலேயே வைத்து இடுக்கியால் பஞ்சை நூல்நூலாகப் பிய்த்து எடுங்கள், அரைமணி நேரம் பிடிக்கும், முழுவதும் போகாவிட்டால் வேரோடு ஒட்டிய மெல்லிய தூள் இருந்தால் பரவாயில்லை. தோல் உருவி வருகிற கறுப்பு வேரைக் கழுத்துக்குப் பக்கத்தில் கத்தரியுங்கள். பழுப்பு வேர் அழுத்திப் பார்த்து உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள், பழுப்பு என்பதாலேயே செத்தது என்று அர்த்தம் இல்லை. வெள்ளை வேர் ரொம்ப நீளமாக இருந்தால் விரல் நீளத்துக்கு வெட்டலாம், நடுவதும் சுலபம், புது வேரும் கிளம்பும். கழுத்தை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பிழைத்துவிடும். கொழகொழவென்று அமுங்கினால் மட்டும்தான் கைவிட வேண்டும்.

நடும்போது நான் செய்வது, முதலில் வேண்டிய ஆழத்தைவிடக் கொஞ்சம் கீழேயே புதைத்து, வேரெல்லாம் கீழ்நோக்கி இருக்க, அப்புறம் செடியைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்துக் கழுத்து சரளைக்கு மேல் தெரியும் இடத்தில் நிறுத்திவிடுவேன். வேரும் மடங்காது. மிதக்கும் என்று பயமாக இருந்தால் இரண்டு கூழாங்கல்லை வேர் மேல் வையுங்கள், கழுத்து மேல் வைக்காதீர்கள்.

மாத்திரையை நட்ட அன்றைக்கே வைக்கலாம். இடிடிஏ உரம் முடிகிற வரை ஊற்றுங்கள், பொட்டாசியம் அதிலிருந்து கிடைக்கும், அடுத்தது வாங்கும்போது டிடிபிஏ பார்த்து வாங்குங்கள். இரும்பை மாத்திரை பார்த்துக்கொள்ளும்.

நீலக்குமிழி:

சரி, என் பாதிக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். 🙂

கறுப்பு மயிர்க்கொத்து பற்றி: பெயர் பிளாக் பியர்டு, பார்க்கக் கறுப்பு, ஆனால் சிவப்புப் பாசி இனம். ஸ்வார்டில் ஒரே இலையில் என்றால் அந்த இலையை அடியோடு வெட்டிவிடுங்கள், அதைக் காப்பாற்றப் போராடுவது வீண். பின்னால் ஃபெர்ன் கட்டிய மரக்கட்டையில் வந்தால், கட்டையை வெளியே எடுத்து 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தூரிகையால் பாசி மேல் மட்டும் தொட்டுவைத்து, ஐந்து நிமிடம் கழித்து நன்றாக அலசி உள்ளே வையுங்கள். ஓரிரு நாளில் பாசி இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது என்று அர்த்தம். குளூட்டரால்டிஹைடு கலந்த "திரவக் கார்பன்" என்று ஒன்று விற்கிறார்கள், அதுவும் பாசியைக் கொல்லும், ஆனால் பிற்காலத்தில் வாலிஸ்னேரியா நடுகிற எண்ணம் இருந்தால் தொடாதீர்கள், அது கரைந்துவிடும்.

புதுத்தொட்டி:

ஆறு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், யாராவது தேடி வந்தால் உதவும்.

பஞ்சைப் பிய்க்க அரைமணி இல்லை, ஒன்றரை மணி நேரம் ஆனது. கழுத்து கெட்டியாக இருந்தது. வேரில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நட்டு முதல் பத்து நாள் எதுவும் நடக்கவில்லை, இன்னும் இரண்டு பழைய இலை உதிர்ந்து மொத்தம் நான்கே இலையில் நின்றது, அந்தச் சமயத்தில் தினமும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் ஒரு குருத்து சுருட்டிக்கொண்டு வந்தது. அது முந்தையதைவிடக் கொஞ்சம் பச்சை. அதற்கடுத்தது முழுப் பச்சை, அதற்கடுத்தது இப்போது என் கைச்சாண் நீளத்துக்குப் போய் விளக்கை நோக்கி வளைகிறது. முன்பு மஞ்சளாக வந்த குட்டி இலைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, பச்சையாகவில்லை.

விளக்கு 6 மணி நேரம், டைமரில். பழுப்புத் தூசி ஐந்தாவது வாரத்தோடு நின்றுவிட்டது, நத்தை வாங்கவில்லை. சிலிண்டரும் வாங்கவில்லை.

ஒரு சந்தேகம். நோய் என்று நான் வெட்ட நினைத்த அந்த ஜாவா ஃபெர்ன் இலையின் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குட்டியாக ஒரு செடி முளைத்திருக்கிறது, அடியில் பழுப்பு மயிர் மாதிரி வேர். இதை எப்போது பிரிக்கலாம்?

சரளைக்கல்:

அந்த மஞ்சள் குட்டி இலைகள் இனி பெரிதாக மாறாது, இன்னும் மூன்று நான்கு புது இலை வந்ததும் வெட்டிவிடுங்கள், இப்போதைக்கு இருக்கட்டும், கொஞ்சமாவது உணவு தயாரிக்கும்.

ஃபெர்ன் குட்டியை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். மூன்று நான்கு இலை விட்டு, வேர் ஒரு அங்குலம் ஆனதும் விரலால் லேசாகத் திருகினாலே கையோடு வந்துவிடும். கையோடு வரவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை. பிரித்ததைச் சாதாரணப் பருத்தி நூலால் கட்டையின் வேறொரு பக்கம் கட்டுங்கள், நூல் இற்றுப்போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும்.